மூணாவது கண்ணாடி

மேகம் விலகட்டும், விலகினதும் பார்த்துக்கலாம்னு எட்டு மணியில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்ப மணி ஒன்பதாகப் போகுது. கண்ணாடியை எண்ணுறதுக்கு எதுக்குட்டி வடிவு சூரியன்? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எண்ணிச் சொல்லிரும். எங்க சூரிய ஆய்வுக்கூடத்துக் கோபுரத்து உச்சியில ஒண்ணு, சூரியன் போற பக்கமெல்லாம் கூடவே திரும்புறது. அதுக்கு எதிர்ல ரெண்டாவது, ஒளியை வாங்கி நேரே கீழ இறக்குறது. கீழ, இந்த அறை வாசல்கிட்ட, என் நெஞ்சு உயரத்துல, மூணாவது. மூணு. மறுபடி எண்ணு. உச்சியில ஒண்ணு, எதிர்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. மூணுதான். நாலாவதா ஒண்ணு எங்கேயாவது ஒளிஞ்சிருக்கக் கூடாதா, சின்னதா, உள்ளங்கை அளவுல, நான் மறந்துபோனது? கிடையாது. இந்த அறையில எனக்குத் தெரியாத திருகாணி இல்லை. முப்பத்தொரு வருஷம். இன்னைக்கு முப்பதாம் தேதி, எனக்கு அறுபது முடியுற மாசத்தோட கடைசி நாள். பதினோரு மணிக்கு, மேல இருக்கிற கட்டடத்துல, எனக்கு மாலை, சால்வை, போண்டா. ‘சூரியனின் அமைதிப் பகுதிகளில் தலைகீழ் முறுக்கைக் கண்டறிந்த டாக்டர் வடிவு அவர்கள்’னு டைரக்டர் பேசப் போறார். அந்தப் பேச்சுத் தாளை நேத்தே வாங்கி ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்துட்டேன். ஒற்றுப்பிழை திருத்தினேனாம்! சிரிப்பு வருது.

எல்லாம் இந்தப் பதிவேட்டால வந்தது. பதிவேடு என்ன பண்ணும் பாவம், அது பாட்டுக்கு இருபது வருஷமா அலமாரியில கிடந்தது. காலையில ஏழரைக்கு ரெஜினா பழசையெல்லாம் அடுக்கிக் கொண்டாந்து மேசையில வச்சா, ஒப்படைப்புப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போடணுமாம். ரெஜினா இங்க டெக்னீஷியன். முன்னாடி அவ அப்பா யாகப்பன் பார்த்த வேலை. அவர் வேலையில இருக்கும்போதே மாரடைப்புல போயிட்டார், வாரிசு வேலையா இவளுக்கு வந்தது. யாகப்பன் தினமும் பதிவேடு எழுதுவார், தமிழ்ல. எத்தனை மணிக்குக் கோபுரம் திறந்தது, மேகமா வெயிலா, எந்தத் திருகு இறுகிப்போச்சு, எந்தப் பல்லி கம்பிக்குள்ள மாட்டுச்சு. விஞ்ஞானிங்க நாங்க அதைத் தொடமாட்டோம். எங்களுக்கு வேண்டியது கம்ப்யூட்டர்ல வந்துரும், தேதி, நேரம், எண், எல்லாம் இங்கிலீஷ்ல. பதிவேடு அவங்களுக்கு, கம்ப்யூட்டர் எங்களுக்கு. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே நடந்துக்கிட்டு இருந்தது. இன்னைக்குத்தான், கடைசி நாளாச்சேன்னு சும்மா ஒண்ணைப் பிரிச்சேன். 2004, மார்ச். ‘பழைய அறையில் மழை ஒழுகுவதால் கருவி பக்கத்து அறைக்கு மாற்றப்பட்டது. ஒளியைத் திருப்ப மூன்றாவது கண்ணாடி மாட்டியாச்சு. படம் இனிமேல் இடம் வலம் மாறி விழும். மேடம் லீவில். வந்ததும் சொல்ல வேண்டும்.’ ‘சொல்ல வேண்டும்’ என்கிறதுக்குக் கீழ ரெண்டு கோடு. மேடம் எதுக்கு லீவு? மகனுக்குப் பிளஸ் டூ பரீட்சை. மூணு மாசம் பாளையங்கோட்டையில உக்காந்து அவனுக்குப் பால் ஆத்திக் கொடுத்தேன், டிவி கேபிளைப் பிடுங்கிப் பரண்ல போட்டேன், அவன் குளிக்கப் போனாக்கூட வாசல்ல நின்னு பார்முலா கேட்டேன். பிசிக்ஸ்ல இருநூத்துக்கு நூத்துத் தொண்ணூத்தேழு. அந்த மூணு மார்க் எங்க போச்சுன்னு ரெண்டு வருஷம் அவனைப் போட்டுப் பிடுங்கினேன். இப்ப ஜெர்மனியில இருக்கான். ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் பேசுவான், அதுல பாதி ‘கேக்குதாம்மா, கேக்குதா’ன்னு போயிரும்.

லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு யாகப்பன் சொன்னார்தான். இப்ப ஞாபகம் வருது. வராம இருந்திருக்கலாம். இதே வாசல்ல நின்னு, கையில பழந்துணியோட, ‘மேடம், புதுக் கண்ணாடி ஒண்ணு மாட்டியிருக்கு’ன்னார். ‘சரி சரி, தூசி படாம பார்த்துக்கோங்க யாகப்பன்’னு சொல்லிட்டு நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிட்டேன், மூணு மாச வேலை குவிஞ்சு கிடந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்னார். ஏதோ சொல்ல வர்ற மாதிரி நின்னார், இல்லைன்னா இப்ப நான் அப்படி நினைச்சுக்கிறேன். அப்புறம் பச்சைத் துணியில ஒரு உறை தைச்சுக் கண்ணாடிக்குப் போட்டுட்டார். தூசி படாம. நான் என்ன சொன்னேனோ அதைச் செஞ்சுட்டார் மனுஷன். அந்த உறை கிழிஞ்சு, ரெண்டாவது உறை கிழிஞ்சு, இது மூணாவது, ரெஜினா தைச்சது. இருபது வருஷமா தினமும் காலையில அந்த உறையை உருவி மடிச்சு நாற்காலி மேல வைக்கிறது நான். என் கையால. மடிக்கிறப்ப அந்தக் கண்ணாடியில என் முகம் தெரியும், பொட்டைச் சரி பண்ணிக்குவேன். பொட்டைச் சரி பண்ணினியே வடிவு, எண்ணினியா?

என் புரோகிராம்ல எட்டாவது வரி. கண்ணாடி எண்ணிக்கை ரெண்டு. தொண்ணூத்தெட்டுல எழுதினது, அப்ப அது நிஜம். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் அஞ்சு மாத்தியாச்சு, கேமரா மூணு மாத்தியாச்சு, எட்டாவது வரியை யாரும் மாத்தலை. அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயமா இருந்திருந்தா அன்னைக்கே கண்ணுல பட்டிருக்கும். கண்ணாடி முன்னால நின்னா வலது கை இடது கையாத் தெரியும். அந்தப் பிம்பத்தை இன்னொரு கண்ணாடியில பார்த்தா திரும்ப வலது கையாயிரும். மூணாவது கண்ணாடி வந்தா மறுபடி இடது. ரெட்டைப்படைன்னா உண்மை, ஒத்தைப்படைன்னா தலைகீழ். இவ்வளவுதான் சமாச்சாரம், சலூன்ல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியும். எங்களுக்கு மேற்கு எதுன்னு பார்க்கத் தெரியும், கோபுரத்து மோட்டாரை நிறுத்தினா சூரியன் நகர்ந்து போற பக்கம் மேற்கு. தினமும் பார்ப்போம். வடக்கை மட்டும் பார்க்கமாட்டோம். அதான் எட்டாவது வரி இருக்கே, கண்ணாடி இத்தனைன்னு சொல்லிட்டா வடக்கு இந்தப் பக்கம்னு கம்ப்யூட்டரே சொல்லிரும். சூரியப் புள்ளியை வரைஞ்சு பார்க்கிறவங்களா இருந்தா முதல் நாளே, என்னடா படம் திரும்பி இருக்குன்னு கேட்டிருப்பாங்க. நான் புள்ளியைப் பார்க்கிறவ இல்லையே. ஒண்ணுமே இல்லாத இடத்தைப் பார்க்கிறவ. ஒண்ணுமே இல்லாத இடத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதுலதான் எனக்கு எவ்வளவு கர்வம். எல்லாரும் புள்ளி பின்னாடி ஓடினாங்க, புயல், வெடிப்பு, பேப்பர்ல போட்டோ. நான் அமைதிப் பகுதியை எடுத்துக்கிட்டேன். சூரியன்ல முக்காலே மூணு வீசம் அதுதான். பார்த்தா உப்புமா மாதிரி பொலபொலன்னு இருக்கும், கொதிச்சுக்கிட்டே இருக்கும், அதுல காந்தம் கொஞ்சம் கொஞ்சமாச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொண்ணும் பொடிசு. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள ஒண்ணு போகும், இன்னொண்ணு வரும். ஆனா எல்லாத்தையும் கூட்டிப் பாருங்கன்னு சொல்லுவேன், கேக்கிறவன் கேக்காதவன் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். சூரியன் முழுக்க எந்நேரமும் இருக்கே, கூட்டினா அந்தப் பெரிய புள்ளிகளோட சக்தி இதுக்குப் பக்கத்துல நிக்காது. அப்புறம் முறுக்கு. காந்தக் கோடுங்க நேரா நிக்காது, ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு நிக்கும், ஒண்ணு இடமாச் சுத்தும் இல்லை வலமாச் சுத்தும். சக்தி சூடாகிக் காணாமப் போயிரும், முறுக்கு லேசுல போகாது. இங்க அவிழ்ந்தா அங்க போய் ஏறிக்கும். பின்னின ஜடையை அவுத்தாலும் முடியில வளைவு நிக்கிற மாதிரி. கேன்டீன்ல என்னைக் கேலி பண்ணுவாங்க, மேடம் சூரியன்ல முறுக்குச் சுடறாங்கன்னு. சுட்டேன். மத்தவங்க அளந்த புள்ளிகள்ல ஒரு பக்கம் சுத்துற முறுக்கு, அமைதிப் பகுதியில எதிர்ப் பக்கம் சுத்துதுன்னு சொன்னேன். பதினாறு கட்டுரை. ஜப்பான்ல இருந்து ஒருத்தர் வந்து கை குலுக்கிட்டுப் போனார். அது சூரியன் சுட்ட முறுக்கு இல்லை, இந்த வாசல்ல இருக்கிற கண்ணாடி சுட்ட முறுக்கு. கடவுளே, பதினாறு.

கட்டுரை போனாப் போகுது. தப்புன்னு ஒரு கடிதம் எழுதினா நாலு பேர் சிரிப்பாங்க, ரெண்டு பேர் பாவம்பாங்க, அறுபது வயசுல எனக்கு என்ன. அப்படித்தான் காலையில ஒரு அரை மணி நேரம் என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டு இருந்தேன். அந்த அரை மணி நேரமும் ஒரு பேரைச் சுத்தியே போய்க்கிட்டு இருந்தேன், பேர்கிட்ட போகாம. எபனேசர். நாகர்கோவில்காரர். 2007ல ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல இங்க வேலைக்கு வந்தவர். அப்ப முப்பத்திரெண்டு முப்பத்திமூணு வயசிருக்கும், வீட்டுல மாசமா இருந்தாங்க. அதே அமைதிப் பகுதியை எடுத்தார், ஆனா நம்ம கோபுரத்துப் படம் வேண்டாம்னுட்டு செயற்கைக்கோள் படத்துல கணக்குப் போட்டார். அவருக்கு முறுக்கு மறு பக்கம் வந்தது. புள்ளியில எந்தப் பக்கமோ அதே பக்கம்தான் இங்கயும்னு வந்தது. சரியா வந்தது. சரியா வந்திருந்ததுட்டி, சொல்லு, சத்தமாச் சொல்லிப் பாரு. 2009, கருத்தரங்கு அறையில நாப்பது பேர். அவர் படத்தைப் போட்டு முடிச்சார். நான் முதல் வரிசை. ‘மேடம், உங்க பக்கமும் ஒரு தடவை சரி பார்த்துடலாமா’ன்னு ரொம்பத் தணிஞ்சு கேட்டார். நான் எந்திரிச்சேன். ‘எபனேசர், வலது கையைத் தூக்குங்க’ன்னேன். தூக்கினார், பாவம், எதுக்குன்னு தெரியாம. ‘அதுதான் வலது கை. நல்லாப் பார்த்து வச்சுக்கோங்க. கட்டை விரல் மேல இருந்தா மத்த விரல் மடங்குற பக்கம்தான் வலது முறுக்கு, வீட்டுல போய்ப் பழகிட்டு வாங்க.’ நாப்பது பேரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார், கையைக் கீழ இறக்க மறந்துட்டு. அந்தக் கை அப்படியே நின்னது. எனக்கு அன்னைக்கு அது ரொம்பப் பெருமையா இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல சொல்லிச் சிரிச்சேன்.

அப்புறம் கமிட்டி. ஒப்பந்தத்தை நீட்டிக்கணுமா வேண்டாமா. என்னைக் கேட்டாங்க. ஒரே ஒரு வரி சொன்னேன், ‘வடக்கு தெற்கு தெரியாதவங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது’. அதுக்கு மேல யாரும் பேசலை, நான் சொன்னா பேசமாட்டாங்க, இந்த அறையில எனக்கு ‘தெரியலை’ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கமில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் போயிட்டார். ஊர்லயே ஒரு கல்லூரியில வேலை கிடைச்சது, பிசிக்ஸ் சொல்லித் தர்றார், சூரியன் பக்கம் அப்புறம் திரும்பவே இல்லை. கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டி ஒரு கடிதம் போட்டிருந்தா இன்னைக்கு எனக்கு இவ்வளவு இருக்காது. போடலை. அதுக்குப் பதிலா ஒவ்வொரு செப்டம்பர் அஞ்சாம் தேதியும் ஆசிரியர் தின வாழ்த்து அனுப்புறார். போன வருஷம் அனுப்பினதை இப்பத்தான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘மேடம், ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் என் தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். வலது கை தெரியாமல் ஒரு கட்டுரை எழுதினேன், என் மேடம் கண்டுபிடித்தார்கள், இல்லாவிட்டால் உலகம் பூராவும் அசிங்கப்பட்டிருப்பேன் என்று சொல்வேன். பிள்ளைகள் எல்லாரும் கையைத் தூக்குவார்கள். நீங்கள் கொடுத்த பாடம்.’ நான் பதிலுக்கு ஒரு கைகூப்புற படம் போட்டிருக்கேன். கைகூப்புற படம்! ஒரு மனுஷன் தன் சரியைத் தப்புன்னு நம்பி, அதையே நல்ல பாடமா மாத்தி, வருஷா வருஷம் அறுபது பிள்ளைங்க முன்னாடி கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். நான் படம் போட்டிருக்கேன்.

இன்னைக்கு வர்றார். அதைச் சொல்லாமலே இருக்கேன் பாரு இவ்வளவு நேரமா. டைரக்டர் பழைய ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டார், வர்றேன்னது இவர் ஒருத்தர்தான். காலையில ஆறு மணிக்கே செய்தி. ‘மேடம், மலை ஏறிக்கிட்டு இருக்கேன். லாட்ஜ்ல குளிச்சிட்டு பத்தரைக்குள்ள வந்துருவேன். உங்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கியிருக்கேன், தேங்காயெண்ணெய்ல போட்டது.’ படிச்சப்ப நான் இன்னும் பதிவேட்டைப் பிரிக்கலை. சந்தோஷமா இருந்தது. ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்குச் சந்தோஷமா இருந்தது.

பத்தாகப் போகுது. மேகம் அப்படியே. சொல்லாம விட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அதுதான் பயமா இருக்கு, ஒண்ணுமே ஆகாது. கோபுரத்தை அடுத்த வருஷம் மூடப் போறாங்க. கண்ணாடிங்க கண்காட்சிக்குப் போயிரும், மூணையும் மூணு இடத்துல வைப்பாங்க, எண்ணுறதுக்கு ஆள் இருக்காது. எட்டாவது வரி என் லேப்டாப்ல இருக்கு. மிச்சம் இந்த ஒரு பக்கம். ஒரே ஒரு தாள். நூல் போட்டுத் தைச்சது, இழுத்தா நூலோட வரும். விரலை உள்ள விட்டுப் பார்த்தேன், ஆமா, பார்த்தேன், யார்கிட்ட மறைக்கப் போறேன். தாள் லேசா முறுமுறுன்னுச்சு. யாகப்பனோட அந்த ரெண்டு கோடு என் நகத்துக்குக் கீழ. எபனேசர் சந்தோஷமாத்தானே இருக்கார்? இருக்கிறவர்கிட்டப் போய், நீங்க தப்பே பண்ணலை, உங்க வாழ்க்கையை நான் சும்மா ஒரு சிரிப்புக்காகப் பிடுங்கிப் போட்டேன்னு சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப் போகுது? பதினஞ்சு வருஷத்தைத் திருப்பித் தர முடியுமா? எனக்குத்தான் பாரம் இறங்கும். என் பாரத்தை இறக்க அவர் தலையா? நல்ல வாதம் வடிவு. பேசு பேசு, உனக்குப் பேசவா சொல்லித் தரணும்.

“மேடம், டீ ஆறிப்போச்சே. வேற போட்டுத் தரவா?”

ரெஜினா. விரலை எடுத்துட்டேன். பார்த்திருப்பாளோ.

“வேண்டாம் ரெஜினா.”

“மேகம் விலகாது போலிருக்கு மேடம். நீங்க பட்டியல்ல கையெழுத்துப் போட்டீங்கன்னா இதெல்லாம் கட்டி ஸ்டோர்ல போட்டுருவேன். அங்க போனா கரையான்தான். யாரு தொடப் போறா.”

“உங்க அப்பா கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு.”

“அவரா? வீட்டுலயும் அப்படித்தான் மேடம். கேஸ் சிலிண்டர் மாத்தின தேதியைக்கூட அடுப்படிச் சுவத்துல எழுதிருவாரு. அம்மா கத்தும், வெள்ளையடிச்ச சுவத்தை நாசம் பண்றாருன்னு. எழுதி வச்சா என்னைக்காவது யாராச்சும் பார்ப்பாங்கடீம்பாரு.”

“நீ இதைப் படிச்சிருக்கியா?”

“இல்ல மேடம்.” பட்டியலை என் பக்கம் தள்ளி வைக்கிறா. “அந்த எழுத்தைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்துரும். நான் பிரிக்கிறதே இல்ல.”

போயிட்டா. கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. பேனா இருக்கு. கையிலதான் இருக்கு. எழுதி வச்சா என்னைக்காவது யாராச்சும் பார்ப்பாங்க. பார்த்துட்டேன் யாகப்பன், பார்த்துட்டேன், இருபது வருஷம் கழிச்சுப் பார்த்துட்டேன், இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? அதையும் ஒரு வரி எழுதி வச்சிருக்கக் கூடாதா? உங்க மேல எனக்குக் கோபம் வருது. உண்மையாவே வருது. வாசல்ல நின்னீங்களே, இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருக்கக் கூடாதா, ‘மேடம், எண்ணிக்கையை மாத்துங்க’ன்னு கத்தியிருக்கக் கூடாதா? கத்தமாட்டார். என்கிட்ட யார் கத்துவா. கருத்தரங்குல அவ்வளவு தணிஞ்சு கேட்டாரே எபனேசர், அதுக்கே நான் கையைத் தூக்கச் சொன்னேன். யாகப்பன் அன்னைக்கு அந்த அறையில புரொஜெக்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தார். அதுவும் இப்பத்தான் ஞாபகம் வருது. இங்கிலீஷ்ல நடந்த பேச்சு, அவருக்கு எவ்வளவு புரிஞ்சதோ. எல்லாரும் சிரிக்கும்போது அவர் சிரிச்சாரா? தெரியலை. முகம் வரமாட்டேங்குது. புரொஜெக்டர் வெளிச்சம் மட்டும் வருது.

திடீர்னு மேசை மேல வெளிச்சம். விலகிருச்சு. சூரியன் வட்டமா, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, வெள்ளைத் தாள்ல விழுந்து லேசா நடுங்குது. எழுந்து உறையை உருவினது எப்போ? உருவியிருக்கேன், மடிச்சு நாற்காலியில வச்சிருக்கேன், கை பழக்கம். ஒரு புள்ளி இல்லை. சுத்தமா, ஒண்ணுமே இல்லாம, நான் முப்பத்தொரு வருஷம் பார்த்த அதே அமைதி. இடம் வலம் மாறி விழுந்திருக்கு, பார்த்தா தெரியாது. எவ்வளவு அழகா இருக்கு. அழுகை வருது எனக்கு, சனியன், இந்த நேரத்துலயா.

“மேடம்!”

வாசல்ல எபனேசர். தலை பூரா நரைச்சுப்போச்சு. வெள்ளைச் சட்டை, கையில சிப்ஸ் பொட்டலம், எண்ணெய் கசிஞ்சு காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கு. என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை இடது கைக்கு மாத்திக்கிட்டு, வலது கையைத் தூக்குறார், கட்டை விரல் மேல, மத்த விரல் மடங்கி.

“இதுதானே மேடம் வலது கை?”

வாய்விட்டுச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். பழக்க தோஷத்துல சிரிச்சுட்டேன், அந்தச் சிரிப்புக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

“சாப்பிட்டீங்களா எபனேசர்?”

“ஆச்சு மேடம். நாலு இட்லி. நீங்க கொஞ்சம் மெலிஞ்சிட்டீங்க.” அறையைச் சுத்திப் பார்க்கிறார். “அப்படியே இருக்கு மேடம் எல்லாம். அதே வாசனை. யாகப்பன் அண்ணன் இருந்திருந்தா இன்னைக்குக் காலையிலேயே தோரணம் கட்டியிருப்பாரு.”

இப்பச் சொல்லணும். என்ன வார்த்தையில ஆரம்பிக்கிறது? பதினாறு கட்டுரைக்கு முன்னுரை எழுதினவளுக்கு ஒரு வரி வரமாட்டேங்குது. கைதான் நகருது. பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்தைக் காட்டுறேன்.

“அட, அண்ணன் எழுத்து,” அப்படின்னு உக்காந்து, பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏத்திப் படிக்கிறார். உதடு அசையுது. ‘கருவி பக்கத்து அறைக்கு.’ சிரிப்போடதான் படிக்கிறார். ‘மூன்றாவது கண்ணாடி.’ ‘இடம் வலம் மாறி.’ அங்க நின்னுட்டார். திரும்ப முதல்ல இருந்து படிக்கிறார். தேதியைப் பார்க்கிறார். தலையைத் தூக்கி மேல கோபுரத்துப் பக்கம் பார்க்கிறார், ஒண்ணு. ரெண்டு. அப்புறம் மெதுவா வாசல் பக்கம் திரும்பி, உறை இல்லாம நிக்கிற கண்ணாடியைப் பார்க்கிறார். அதுல அவர் முகம். எனக்கு எண்ண எடுத்த நேரத்துல பாதிகூட அவருக்கு எடுக்கலை.

“புரோகிராம்ல எத்தனை மேடம்?”

“ரெண்டு.”

“2009ல?”

“அப்பவும் ரெண்டு. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு.”

கத்துங்க எபனேசர், மேசையைத் தட்டுங்க, பதிவேட்டைத் தூக்கி என் மூஞ்சியில எறிங்க. சூரியன் மேசை மேல நடுங்கிக்கிட்டே இருக்கு. வெளியில மைக் சோதனை பண்றாங்க, ஹலோ ஹலோ. ரெஜினா எட்டிப் பார்த்து, “மேடம், எல்லாரும் வந்தாச்சு, கூப்பிடுறாங்க” அப்படின்னா. எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துட்டு உள்ள வராம நின்னுட்டா.

“அப்ப நான் அன்னைக்கு…” அப்படின்னு ஆரம்பிச்சு விட்டுட்டார்.

“சரியாத்தான் போட்டிருந்தீங்க. நான்தான் தப்பு. உங்களை அப்படிப் பேசினது, கமிட்டியில சொன்னது, எல்லாமே.”

தலையை ஆட்டுறார். கோபத்தைத் தேடுறேன் அந்த முகத்துல, கிடைக்கலை. வழி தவறின ஆள் முகமா இருக்கு அது.

“பதினஞ்சு வருஷம் சொல்லிட்டேனே மேடம்,” அப்படின்னார். “ஜூன்ல புதுப் பிள்ளைங்க வருவாங்க. முதல் வகுப்புல நான் இனிமே என்ன சொல்றது?”

கேள்வியாத்தான் கேக்கிறார். குத்திக் காட்டலை. அன்னைக்கு மாதிரியே தணிஞ்சு, எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நம்பிக் கேக்கிறார்.

“தெரியலை எபனேசர்.”

அவர் வலது கையை மெல்லத் தூக்கினார். கட்டை விரலைப் பார்த்தார், மடங்கின விரலைப் பார்த்தார். அதை என்ன பண்றதுன்னு தெரியாம, மறுபடி மடியில, சிப்ஸ் பொட்டலத்து மேல வச்சுக்கிட்டார்.